ஸ்கேட், பனி, பைக், கயிறு: வீட்ல எல்லாரும் சேந்து பாக்க எந்தப் படத்தைப் போடலாம்?

சனிக்கிழமை ராத்திரி குடும்பமா ஒரு படம் பாக்கணும். ஏழு வயசும் இருக்கு, பதினாலு வயசும் இருக்கு, தாத்தா பாட்டி ஹாலை விட்டு நகர மாட்டாங்க, வெட்டு குத்து வேணாம், அழுகாச்சி வேணாம், அதுக்குன்னு பொம்மைப் படமா போட்டா பெரியவன் போனை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவான். இத்தனை கண்டிஷனையும் போட்டு வடிகட்டினா கடைசில கையில நிக்கறது டிஸ்னி சேனல் டிவிக்குன்னே எடுத்த டீன் படங்கள் தான், அதுலயும் ஸ்போர்ட்ஸ் வெச்சு எடுத்தது. தியேட்டர் பக்கமே போகாத படங்கள், பட்ஜெட் சின்னது, ஒன்றரை மணி நேரத்தைச் சுத்தி முடிஞ்சிடும், பாட்டி பக்கத்துல இருந்தாலும் ரிமோட்டைத் தேட வேண்டிய நெலமை வராது.

பிரச்சனை என்னன்னா இந்த வகையில ஏகப்பட்டது இருக்கு, எல்லாத்தோட கதைச் சுருக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பையன் இல்ல பொண்ணு, ஒரு விளையாட்டு, வீட்ல ஒரு தடை, ஒரு திமிர் புடிச்ச எதிராளி, கடைசில ஒரு போட்டி. அதனால ஆளுங்க என்ன பண்றாங்கன்னா விளையாட்டைப் பாத்து படம் எடுக்கறாங்க, பையனுக்கு பைக் புடிக்கும் அதனால பைக் படம், பொண்ணு ஸ்கேட்டிங் கிளாஸ் போறா அதனால ஸ்கேட்டிங் படம்னு. எனக்கு இது சரியா படல. கடைசி ரேஸ்ல யாரு ஜெயிப்பாங்கன்னு போஸ்டரைப் பாத்தாலே ஏழு வயசுக்காரன் சொல்லிடுவான், அங்க ஒரு டென்ஷனும் கெடையாது. டென்ஷன் இருக்கறது வீட்டுக்குள்ள. அப்பா ஒத்துப்பாரா மாட்டாரா, அவர் ஏன் ஒத்துக்கல, அந்தக் காரணத்துல ஏதாவது நியாயம் இருக்கா, இதுல தான் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் வித்தியாசமே. அதனால நான் இங்க எல்லாத்தையும் அப்பாவை வெச்சு தான் எடை போடப் போறேன். விளையாட்டு ரெண்டாவது தான்.

இவ்ளோ ஸ்கேட்டும் ஸ்னோபோர்டும் பைக்கும் ஏன் வந்துச்சுன்னு ஒரு வரி சொல்லிட்டு போயிடறேன். 1995-ல இஎஸ்பிஎன்ங்கற ஸ்போர்ட்ஸ் சேனல் ஆரம்பிச்ச எக்ஸ் கேம்ஸ்ங்கற சாகச விளையாட்டுப் போட்டி அமெரிக்கப் பசங்களைப் பைத்தியமா ஆக்கி வெச்சிருந்துச்சு, 1996-ல ஏபிசிங்கற டிவி கம்பெனியை டிஸ்னி வாங்கினப்போ இஎஸ்பிஎன்னும் கூடவே வந்துடுச்சு, 1998-ல ஜப்பான் நகானோ ஒலிம்பிக்ஸ்ல ஸ்னோபோர்டிங் முதல் தடவையா உள்ள நுழைஞ்சுச்சு. அப்புறம் டிவி படத்துல பேஸ்பால் மட்டுமேவா எடுப்பாங்க?

மொதல்ல 1998-ல வந்த பிரிங்க். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஆண்டி பிரிங்கர்னு ஒரு பையன், எல்லாரும் பிரிங்க்னு கூப்புடுவாங்க, எரிக் வான் டெட்டன் நடிச்சது. அவனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் இன்லைன் ஸ்கேட்டிங், அதாவது ஒரே வரிசையா சக்கரம் வெச்ச ஷூ போட்டு ஓட்டற கும்பல், பேரு சோல் ஸ்கேட்டர்ஸ், காசுக்காக ஸ்கேட் பண்ண மாட்டோம் சந்தோஷத்துக்காக தான்னு கொள்கையெல்லாம் வெச்சிருக்காங்க. எதிர்ல எக்ஸ்-பிளேட்ஸ்னு ஒரு ஸ்பான்சர் டீம், அதுக்கு வால்னு ஒரு கேப்டன், பாத்தவொடனே கன்னத்துல ஒண்ணு வெக்கணும்னு தோணும், நடிச்ச பையனுக்கு அது வெற்றி தான். இதுல வீட்டுப் பிரச்சனை என்னன்னா அப்பாவுக்கு வேலையில அடிபட்டு பல மாசமா வீட்டோட இருக்காரு, வருமானம் இல்ல, அப்பாவும் அம்மாவும் காசு பத்தி பேசறது பையன் காதுல விழுது. எக்ஸ்-பிளேட்ஸ்ல சேந்தா வாரத்துக்கு 200 டாலர். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லாம போய் சேந்துடறான்.

இந்தப் படத்தோட மூலம் எதுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க, 1865-ல மேரி மேப்ஸ் டாட்ஜ் எழுதின ஹான்ஸ் பிரிங்கர் நாவல், ஹாலந்துல உறைஞ்சு போன கால்வாய்ல வெள்ளி ஸ்கேட்டுக்காக நடக்கற போட்டி. அதுலயும் அப்பா வேலையில விழுந்து அடிபட்டு கெடக்கறாரு, குடும்பம் சோத்துக்கு கஷ்டப்படுது. நூத்து சொச்சம் வருஷம் கழிச்சு கால்வாயை எடுத்துட்டு கலிபோர்னியா ரோட்டைப் போட்டிருக்காங்க, ஆனா அடிபட்ட அப்பாவை மட்டும் விடல. அதை விடாததுனால தான் படம் நிக்குது. மத்த படங்கள்ல அப்பா வறட்டுப் பிடிவாதத்துல நோ சொல்லுவாரு, இங்க அவர் வில்லனே இல்ல, கடன்ல இருக்கற மனுஷன், வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கறது ஒரு ஆம்பளையை என்ன பண்ணும்னு ஒரு டீன் படத்துல இவ்ளோ லேசா காட்ட முடியும்னு நான் நெனைக்கல. அப்பாவும் புள்ளையும் உக்காந்து பேசற எடம் வரும், அப்போ யாரும் பாப்கார்ன் எடுக்க கிச்சன் பக்கம் போயிடாதீங்க.

குறை என்னன்னா இது பழைய சதுர டிவிக்கு எடுத்த படம், ட்ரெஸ்ஸும் முடியும் பேச்சும் அப்பட்டமா 90கள், அந்த ஸ்கேட்டர் பாஷை சின்னப் பசங்களுக்கு சுத்தமா புரியாது, தாத்தாவுக்கு கேக்கவே வேணாம். நடுவுல ஒரு மலைச்சரிவு ரேஸ்ல வால் வழியில கல்லைத் தூவி விட்டு கேப்ரியெல்லாங்கற பொண்ணு விழுந்து அடிபடுவா, அது நெஜமாவே கொஞ்சம் பதறும், ஏழு வயசு கேஸ் மடியில ஏறி உக்காந்துக்கும். அதனால பதிமூணுக்கு மேல புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு இது தங்கம், சின்னதுங்க மட்டும் இருக்கற வீட்டுக்கு ரெண்டு மூணு வருஷம் பொறுத்துக்கலாம்.

அடுத்தது ஜானி சுனாமி, 1999. ஹவாய்ல சர்ஃபிங் பண்ணிக்கிட்டு இருக்கற பையன், பிரான்டன் பேக்கர், அப்பாவுக்கு வெர்மான்ட்ல வேலைன்னு குடும்பத்தோட பனிக்குள்ள கொண்டு போய் போட்டுடறாங்க. அங்க ஒரு தனியார் பள்ளிக்கூடம், அதுல படிக்கறவன் எல்லாம் காலுக்கு ஒரு பட்டை மாட்டிச் சறுக்கற ஸ்கீ, கவர்மென்ட் ஸ்கூல் பசங்க எல்லாம் ரெண்டு காலுக்கும் ஒரே பலகைன்னு ஸ்னோபோர்ட், மலையையே ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கான், இந்தப் பக்கம் நீ வராத அந்தப் பக்கம் நான் வரலன்னு. டீக்கடை தனிக் குவளை கதையெல்லாம் கேட்டு வளந்த நமக்கு இதை யாரும் வெளக்கவே வேணாம், ஒரே பார்வையில புரிஞ்சிடும். சும்மா கற்பனைன்னும் நெனைக்காதீங்க, ஸ்னோபோர்ட் வந்த புதுசுல அமெரிக்காவுல பெரும்பாலான மலைங்க உள்ளயே விடல, வெர்மான்ட்ல ஸ்ட்ராட்டன் மலை 1983-ல தான் கதவைத் தொறந்துச்சு, அதே வெர்மான்ட்ல மேட் ரிவர் க்ளென், யூட்டாவுல ஆல்ட்டா, டீர் வேலி, இந்த மூணுலயும் இன்னைக்கு வரைக்கும் ஸ்கீ மட்டும் தான், பலகையோட போனா திருப்பி அனுப்பிடுவாங்க. இதுல வேடிக்கை, கதை வெர்மான்ட்ல நடக்குது, படம் எடுத்தது யூட்டாவுல.

இந்தப் படத்துக்கு நான் அதிக மார்க் குடுக்கறது தாத்தாவுக்காக. கேரி ஹிரோயுகி டகாவா, வில்லனாவே பாத்துப் பழகின மூஞ்சி, இங்க சர்ஃபிங் ராஜா தாத்தா. ஜானி சுனாமிங்கறதே அவர் பேரு தான், பேரனோட பேரு ஜானி கபஹாலா. அப்பாக்காரருக்கு தன்னோட அப்பாவோட வாழ்க்கை புடிக்கல, எப்பப் பாத்தாலும் கடல் அலைன்னு சுத்தற மனுஷனோட புள்ளையா இருந்ததுல அவருக்கு ஒரு கசப்பு, அதனால தன் புள்ளை அப்படி ஆயிடக்கூடாதுன்னு கெடுபிடி. புள்ளைக்கோ அப்பாவைவிட தாத்தா தான் உசுரு. நம்ம வீடுங்கள்ல இந்த மூணு தலைமுறை கணக்கு எவ்ளோ ஓடுதுன்னு சொல்லணுமா என்ன, தாத்தா அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு, பேரனுக்கு ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா வாங்கிட்டு வருவாரு. தாத்தாவும் சேந்து உக்காந்து பாக்கற வீடா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடலாம், அவருக்கு வசனமே வேணாம், டகாவா மூஞ்சியைப் பாத்தே பிடிச்சுப்பாரு.

சர்ஃபிங் தெரிஞ்சவனுக்கு ஸ்னோபோர்ட் எப்படி அவ்ளோ சீக்கிரம் வருதுன்னு பசங்க கேப்பாங்க, அதுக்கு பதில் வெச்சுக்குங்க: 1965 கிறிஸ்துமஸ் அன்னைக்கு மிஷிகன்ல ஷெர்மன் பாப்பன்ங்கற ஆளு தன் பொண்ணுங்களுக்காக ரெண்டு ஸ்கீயைச் சேத்துக் கட்டி அது மேல நிக்க வெச்சதுல இருந்து தான் இந்த விளையாட்டே கெளம்புச்சு, பனியில சர்ஃபிங் பண்ணணுங்கறது தான் அவரோட ஆசை. குடும்பப் படத்துக்கு ஏத்த மாதிரி விளையாட்டே ஒரு அப்பா பண்ண பொம்மை தான்.

குறைன்னு பாத்தா நடுவுல கதை கொஞ்சம் அலையும், ஃப்ரெண்ட் சாமோட அப்பா மிலிட்டரி, ட்ரான்ஸ்ஃபர்னு வந்தவொடனே ரெண்டு பசங்களும் வீட்டை விட்டு கெளம்பி ஹவாய்க்கே போயிடுவாங்க. வீட்ல ஏற்கனவே கோவிச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போற புள்ளை இருந்தா படம் முடிஞ்சதும் இதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிடுங்க. 2007-ல இதுக்கு ரெண்டாம் பாகம் வந்துச்சு, அதுல தாத்தா கல்யாணம் பண்ணிக்கறாரு, புதுப் பாட்டிக்கு ஒரு பன்னண்டு வயசுப் பையன், ஆக ஜானிக்கு தன்னைவிட சின்ன சித்தப்பா வந்து சேர்றான். முறை சொல்லிக் கூப்புடற நம்ம வீட்ல இந்த ஒரு விஷயத்துக்கே அரை மணி நேரம் சிரிப்பு கேரண்டி. ஆனா படமா மொதல் பாகம் அளவுக்கு இல்ல.

இப்போ மோட்டோகிராஸ்ட், 2001. ஜானி சுனாமி எடுத்த அதே ஸ்டீவ் பாய்ம் தான் டைரக்டர், சொல்லப்போனா ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா ரேஸ் சீன்ல கை தெரியும். கார்சன் குடும்பத்துக்கு மோட்டோகிராஸ், அதாவது மேடு பள்ளமான மண் தடத்துல ஓட்டற பைக் ரேஸ் தான் எல்லாமே. ரெட்டைப் புள்ளைங்க, ஆண்ட்ரூ, ஆண்ட்ரியா. ரேஸ் ஓட்டறது ஆண்ட்ரூ. ஆண்டிங்கற ஆண்ட்ரியாவுக்கு அவனைவிட நல்லாவே ஓட்ட வரும், ஆனா பொண்ணு ஓட்டக்கூடாதுங்கறது அப்பா சட்டம். ரெண்டும் போட்டி போட்டு ஓட்டினதுல ஆண்ட்ரூ கீழ விழுந்து கால் ஒடஞ்சிடுது, சீசன் நடுவுல, ஸ்பான்சர் கெடைச்சா தான் டீம் பொழைக்கும். அப்பா என்ன பண்றாரு? வீட்லயே ஒருத்தி நிக்கறா, அவளை விட்டுட்டு வேற ரைடர் தேடி ஐரோப்பாவுக்கு ஃப்ளைட் ஏறிடறாரு. அந்த ஃப்ளைட் டிக்கெட் காசுக்கு ரெண்டு டயர் வாங்கியிருக்கலாம்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும். அவர் அந்தப் பக்கம் போனதும் பொண்ணு முடியை வெட்டிக்கிட்டு ஆண்ட்ரூ பேர்ல ஹெல்மெட்டை மாட்டிடறா.

ஷேக்ஸ்பியரோட ட்வெல்ஃப்த் நைட் கதை தான் இது, ரெட்டைப் புள்ளை, ஆம்பள வேஷம், வேஷத்தை நம்பி லவ் பண்ற இன்னொரு பொண்ணு, எல்லாம் அப்படியே. ஆம்பளைங்க சேலை கட்டி சிரிக்க வெக்கறதை நாம நெறைய பாத்தாச்சு, இதுல தலைகீழ். டீன் டேலன்னு ஒரு ரேஸர் பையன் இவளை ஆம்பளைன்னு நெனைச்சு தோள்ல கை போட்டு பொண்ணுங்களைப் பத்தி அட்வைஸ் குடுப்பான், இவ முழிப்பா, வீட்ல ஏழு வயசுலேர்ந்து எழுபது வரைக்கும் ஒரே நேரத்துல சிரிக்கற எடம் அது. இங்கிலீஷ் புரியாதவங்களுக்கும் மாட்டிப்பாளா மாட்டிக்க மாட்டாளாங்கற பயம் மட்டும் புரிஞ்சா போதும், படம் ஓடிடும்.

ஆனா நான் இதைத் தூக்கிப் பிடிக்கறது அந்த அம்மாவுக்காக. இந்த வகைப் படங்கள்ல அம்மான்னா சாண்ட்விச் எடுத்துக்கிட்டு வந்து நிக்கறவங்க தான், ரேஸ்ல கைதட்டுவாங்க, அவ்ளோ தான். இங்க அம்மா விஷயம் தெரிஞ்சதும் மொதல்ல கோவப்படறாங்க, அப்புறம் பொண்ணு ஓட்டறதைப் பாக்கறாங்க, பாத்துட்டு ஒரு முடிவு எடுக்கறாங்க, புருஷன் திரும்பி வர்ற வரைக்கும் மூடி மறைக்கறாங்க. குடும்பமே ஒண்ணு சேந்து அப்பாகிட்ட இருந்து மறைக்குது, கால் ஒடஞ்ச அண்ணன், தம்பி, எல்லாரும் கூட்டாளி. எந்த வீட்லயாவது அப்பாவுக்குத் தெரியாம ஏதாவது ஒண்ணு ஓடாம இருக்கா? டூருக்கு கையெழுத்து போட்டது, டான்ஸ் கிளாஸ் ஃபீஸ் கட்டினது, எல்லாம் அம்மா கணக்கு தானே. அதனால இதைப் பாக்கறப்போ அம்மாவும் புள்ளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க, அப்பா மட்டும் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருப்பாரு, அதை கவனிச்சாலே தனி காமெடி. அப்பா ஐரோப்பாவுல இருந்து ஒரு ஃப்ரெஞ்ச் ரைடரைக் கூட்டிக்கிட்டு வருவாரு, அவன் திமிருக்கு அளவே கெடையாது, அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லப் போறதில்ல.

இதுலயும் ஓட்டை இல்லாம இல்ல. அவ்ளோ பேர் இருக்கற இடத்துல ஒருத்தனுக்கும் அது பொண்ணுன்னு தெரியலங்கறதை நம்பினா தான் படம். பைக் சத்தமும் ஜாஸ்தி, பாட்டிக்கு தலைவலின்னா சவுண்டைக் கொறைச்சு வெச்சுக்குங்க.

ஜம்ப் இன், 2007. புரூக்ளின், பாக்ஸிங் கத்துக்கற பையன் இஸி, கார்பின் ப்ளூ. அப்பா ஒரு காலத்துல பாக்ஸிங் சாம்பியன், இப்போ ஜிம் நடத்தறாரு, பையனும் கோல்டன் க்ளவ்ஸ்ங்கற பாக்ஸிங் போட்டியில ஜெயிக்கணும்னு அவருக்கு ஆசை. அம்மா இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு மேரி, கெகெ பாமர், டபுள் டச் கயிறு டீம் வெச்சிருக்கா, டீம்ல ஒரு ஆள் கொறைய இவன் உள்ள போயிடறான். ரெண்டு கயிறை எதிர் எதிரா சுத்தி நடுவுல ஆள் குதிக்கறது தான் டபுள் டச், நம்ம தெருவுல பொண்ணுங்க ஆடற ஸ்கிப்பிங் தானேன்னு நெனைச்சு உக்காருவீங்க, அவங்க கால் போற வேகத்தைப் பாத்தா வாயைப் பொளந்துடுவீங்க. நியூயார்க் தெருவுல கறுப்பினப் பொண்ணுங்க ஆடிக்கிட்டு இருந்ததை 1970கள்ல டேவிட் வாக்கர், யுலிஸஸ் வில்லியம்ஸ்னு ரெண்டு போலீஸ்காரங்க சேந்து விதிமுறை எல்லாம் போட்டு போட்டியா மாத்தினாங்க, இன்னைக்கு ஸ்கூல் அளவுல பெரிய விளையாட்டு.

இதுல அப்பாவா நடிச்ச டேவிட் ரீவர்ஸ் கார்பின் ப்ளூவோட நெஜ அப்பா. அது தெரியாம பாத்தாலும் ரெண்டு பேரும் பேசறப்போ ஏதோ ஒரு ஒட்டுதல் இருக்கேன்னு தோணும், தெரிஞ்சு பாத்தா இன்னும் நல்லா இருக்கும். ஒளிபரப்பான அன்னைக்கு 82 லட்சம் பேர் பாத்தாங்க, டிஸ்னி சேனலுக்கு அதுவரைக்கும் வந்ததுல அது தான் பெருசு, அதே வருஷம் ஹை ஸ்கூல் மியூசிக்கல் ரெண்டாம் பாகம் வந்து அதைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. இருக்கறதுலயே பாக்க ஈசியான படம் இது தான், கலர், பாட்டு, டான்ஸ், எல்லாம் இன்னைக்குப் புள்ளைங்களுக்குப் பழக்கமான வேகம். பொண்ணுங்க விளையாட்டுக்கு போறியான்னு ஸ்கூல்ல ஓட்டற சீன் இருக்கு, பத்து பதினொண்ணு வயசுப் பசங்க அதை அமைதியா பாப்பாங்க. ஆனா என் தராசுல இது கொஞ்சம் கீழ தான், ஏன்னா அப்பா ரொம்ப நல்லவரு. பெருசா எதிர்க்கவே இல்ல, பையன் தான் அவர் எதிர்ப்பாருன்னு பயந்து ஒளிச்சு வெக்கறான். தெரிஞ்சவொடனே மூஞ்சி வாடும், அப்புறம் சமாதானம். வாழ்க்கைக்கு அது நல்லது, படத்துக்கு சப்புனு இருக்கு.

மத்ததெல்லாம் சீக்கிரமா சொல்லிடறேன். ரைட் ஆன் ட்ராக், 2003, டெக்சாஸ்ல டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டுல யாரு முந்தறாங்கன்னு பாக்கற கார் ரேஸ் ஓட்டின எரிகா, கோர்ட்னி எண்டர்ஸ் அக்கா தங்கச்சியோட நெஜக் கதை. எரிகா எட்டு வயசுல சின்ன சைஸ் ரேஸ் கார்ல உக்காந்தவங்க. இதுல அப்பா ஆரம்பத்துல இருந்தே பொண்ணு பக்கம், அதனால வீட்டுக்குள்ள சண்டை கம்மி, படமும் அப்படியே நேரா போயிட்டே இருக்கும். ஆனா படத்துக்கு வெளியில நடந்தது தான் பிரமாதம், அந்த எரிகா 2014-ல டிராக் ரேஸோட ப்ரோ ஸ்டாக் பிரிவுல சாம்பியன் ஆன மொதல் பொண்ணு, அப்புறம் இன்னும் பல தடவை ஜெயிச்சாங்க. தங்கச்சியா நடிச்ச குட்டிப் பொண்ணு யாருன்னு பாத்தா ப்ரீ லார்சன், 2016-ல ஆஸ்கர் வாங்கினவங்க. பொண்ணுங்க மட்டும் இருக்கற வீட்ல, இது நெஜமா நடந்ததும்மான்னு சொல்லிட்டு போட்டா நல்லா எடுபடும்.

டபுள் டீம்ட், 2002, இதுவும் நெஜம், ஹெதர், ஹைடி பர்ஜ்னு ரெட்டைப் பொண்ணுங்க, ஆறரை அடிக்கு ஒரு இன்ச் தான் கம்மி, ரெண்டு பேரும் டபிள்யூஎன்பிஏங்கற அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக் வரைக்கும் போனாங்க. ஒருத்திக்கு நாடகம் புடிக்கும், கூடைப்பந்து ஆடணுங்கறது வீட்டு நிர்ப்பந்தம், உயரமா பொறந்துட்டா நீ இது தான் பண்ணணுமான்னு கேக்கற படம். ஸ்காலர்ஷிப்புக்காக புள்ளையை கோச்சிங் சென்டர் கோச்சிங் சென்டரா அலைய விடற அப்பா அம்மாவுக்கு இது கொஞ்சம் குத்தும், நான் ரெகமண்ட் பண்றதே அதுக்காக தான். கோ ஃபிகர், 2005, ஃபிகர் ஸ்கேட்டிங் கத்துக்க காசு இல்லாம ஐஸ் ஹாக்கி டீம் ஸ்காலர்ஷிப்ல உள்ள நுழையற பொண்ணு, 1992 ஒலிம்பிக்ஸ் தங்கம் ஜெயிச்ச கிறிஸ்டி யமகுச்சி தலை காட்டுவாங்க, ஜாலியா போகும், மனசுல பெருசா ஒண்ணும் நிக்காது.

எடீஸ் மில்லியன் டாலர் குக்-ஆஃப், 2003, பேஸ்பால் ஆடற பையனுக்கு சமையல் மேல ஆசை, அப்பாவே டீம் கோச், சமையல் போட்டியும் ஃபைனல் மேட்சும் ஒரே நாள். டிவி சமையல்காரர் பாபி ஃப்ளே அவராவே வருவாரு. சமையல் கட்டுக்குள்ள பையன் நுழைஞ்சா உனக்கென்னடா இங்க வேலைன்னு கேக்கற பெரியவங்க இன்னும் இருக்கற வீட்டுக்கு இது சரியான மருந்து, நல்லா சிரிச்சுக்கிட்டே முழுங்கலாம். ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ற பகுதி மட்டும் நீளம். பேஸ்பால் தெரியலன்னா ஒண்ணும் குடி முழுகாது.

இன்னொரு விஷயம் யாரும் கணக்குல எடுத்துக்கறதில்ல, படம் முடிஞ்ச மறுநாள் காலைல புள்ளைங்க என்ன கேக்கும்ங்கறது. பிரிங்க் போட்டா இன்லைன் ஸ்கேட், கூடவே ஹெல்மெட், முட்டிக் காப்பு, நம்ம ரோட்ல எங்க ஓட்டறது. மோட்டோகிராஸ்ட் போட்டா பதினாலு வயசு ஸ்கூட்டர் சாவியையே பாத்துக்கிட்டு இருக்கும், ஒளிச்சு வெச்சுடுங்க. ஜானி சுனாமிக்கு ஹவாயும் வெர்மான்ட்டும் கேக்க முடியாதுங்கறதால பெத்தவங்க தப்பிச்சாங்க, கோவளம் பக்கம் இருக்கறவங்க மட்டும் ஜாக்கிரதை, அங்க சர்ஃபிங் கிளாஸே இருக்கு. செலவு கம்மி ஜம்ப் இன் தான், ரெண்டு கயிறு போதும். கீழ் வீட்டுக்காரங்க தான் பாவம்.

சரி, ஒண்ணே ஒண்ணு தான் போட முடியும், எல்லா வயசும் ஹால்ல இருக்கு, இந்த வகைப் படத்தை யாரும் முன்னாடி பாத்ததில்லன்னா என் ஓட்டு மோட்டோகிராஸ்ட். மேட்ச் தெரிய வேணாம், பாஷை முழுசா புரிய வேணாம், சிரிப்பு இருக்கு, அம்மாவுக்கு வேலை இருக்கு, அப்பா தப்பா இருக்காரு ஆனா கெட்டவரா இல்ல, இந்த அஞ்சும் ஒண்ணா வேற எதுலயும் சேரல. தாத்தா ஊர்ல இருந்து வந்திருக்காரு, பேரனோட தான் பாப்பாருன்னா மட்டும் ஜானி சுனாமிக்கு மாறிடுங்க. தாத்தா இல்ல, பொடிசுங்க தான் மெஜாரிட்டி, எட்டரைக்குள்ள தூங்கிடும்னா ஜம்ப் இன் போட்டு பாட்டு வர்ற இடத்துல ஆட விட்டுடுங்க.

பிரிங்க்கை நான் குடும்ப நைட்டுக்கு சொல்ல மாட்டேன். அது பெரியவனும் அப்பாவும் மட்டும் ரெண்டு பேரா உக்காந்து பாக்க வேண்டிய படம், அதுவும் வீட்ல காசு கொஞ்சம் இறுக்கமா ஓடற மாசமா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம இருக்கற அப்பாவுக்குப் படம் முக்கால்வாசி வேலையை செஞ்சு குடுத்துடும்.